பெண் இல்லாத பொட்டலம்

நூற்புழுவோடு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், வீட்டில் என்ன சொல்வது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் யாராவது கற்றுக்கொடுப்பார்கள். இதை யாரும் கற்றுத் தர மாட்டார்கள்.

செங்கல்பட்டு ஆராய்ச்சி யூனிட்டில் நான் சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம், "ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பெண் புழு இருக்கும் இடம் ஆண் புழுவுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "இதுக்கு கவர்மெண்ட்ல சம்பளம் தராங்களா?" என்றார். அன்று முதல் அந்த வீட்டு அம்மாள் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "விவசாய இலாகா" என்று மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டது, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய கையோடு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி புத்தகங்களிலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது, பயப்படாதீர்கள். 

அப்போது யூனிட் என்பது ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு வாடகை வீடு. கூடத்தில் மைக்ராஸ்கோப், சமையலறையில் கண்ணாடிச் சாமான்கள், பூஜை அறையில் புழுக்கள். நாங்கள் மூன்று பேர். பொறுப்பில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவரான ஒரு பெண். நான் வேறொரு பிரிவில் பூச்சி மருந்துகளோடு பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெண்தான். பெயர் வேண்டாம். போட்டால், படித்துவிட்டு போன் செய்து திட்டுவார். மேடம் என்றே எழுதுகிறேன். மூன்றாமவர் ஆய்வக உதவியாளர் காதர் பாய். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் கோவளத்துக்காரர். எங்களுக்குப் புழு வருவதும் கோவளத்திலிருந்துதான்.

அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் கடற்பாசி வெயிலில் அழுகும். அந்த அழுகலில் நூல் மாதிரி மெலிந்த, வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை நூற்புழு கோடி கோடியாக வாழும். பயிரை அழிக்கிற புழு வேர்க்குள் ஒளிந்திருக்கும், பிடிப்பது கஷ்டம், வளர்ப்பது அதைவிடக் கஷ்டம். கோவளத்துப் புழு வெளியில் திரிகிற ஜாதி. ஆண் தனி, பெண் தனி. கிண்ணத்தில் போட்டு ஒரு துணுக்கு மீன் வைத்தால் சொந்த வீடு மாதிரி குடும்பம் நடத்தும். இதில் விஷயத்தைப் புரிந்துகொண்டு அப்புறம் வேர்ப் புழுவுக்குப் போவோம் என்பது மேடத்தின் திட்டம்.

முதல் தடவை பாசி அள்ளப் போனது நானும் காதர் பாயும். கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நல்ல மீனு இங்க கீது. அத்த வுட்டுட்டு நாறிப்போன பாசிய அள்ளிகினு போறியே. வூட்டுக்காரம்மா இதத்தான் ஆக்கிப் போடுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் பதில் சொன்னார். "அக்கா, இதுக்குள்ள புழு கீது. சாரு அதுங்களுக்குப் பொண்ணு பாத்து கல்யாணம் பண்ணி வெக்கிறாரு."

"அப்பிடியா? எம் பொண்ணுக்கும் ஒண்ணு பாக்கச் சொல்லு. நாங்க அலைஞ்சிகினே கீறோம், ஒண்ணும் தகைய மாட்டேங்குது."

பஸ்ஸில் அந்தச் சிரிப்பு இல்லை. கண்டக்டர் எங்கள் தகர டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "யோவ், இதுல இன்னாய்யா செத்துப்போய் கீது?" என்றார். பாசி என்றோம். "இன்னா பாசியோ, கீழ எறங்கு. ஜனங்க இப்பத்தான் நாஸ்தா துன்னுட்டு வந்துகீறாங்க." கெஞ்சியதில் டப்பாவைக் கூரை மேல் கட்ட விட்டார். திருப்போரூர் தாண்டி செங்கல்பட்டு வருவதற்குள் கூரைச் சூட்டில் புழுக்கள் எல்லாம் வெந்து போயிருந்தன. அடுத்த தடவை காதர் பாய் டப்பாவை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே இரண்டு தாழம்பூ வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதே கண்டக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "கோயிலுக்கா?" என்று கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

இனி வேலைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த பரிசோதனைதான். வட்டக் கண்ணாடித் தட்டில் கடற்பாசியிலிருந்து காய்ச்சிய மெல்லிய அகர் கூழ். ஒரு ஓரத்தில் செலோபேன் தாளில் மடித்த சின்னப் பொட்டலம், அதற்குள் சில பெண் புழுக்கள். எதிர் ஓரத்தில் அதே மாதிரி இன்னொரு பொட்டலம், அதற்குள் காய்ச்சி வடிகட்டிய வெறும் கடல்தண்ணீர். நடுவில் ஆண்களை விடுவோம். ஆணுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. செலோபேனைத் தாண்டிப் பெண்ணைத் தொடவும் முடியாது. வருவது வாசனை மட்டும்தான். முதலில் குடிபோதையில் நடக்கிறவனைப் போலச் சுற்றிச் சுற்றி வருவான். கூழில் அலை அலையாகத் தடம் விழும். வாசனை எட்டியதும் அந்தத் தடம் நேராகிவிடும். அதைப் பார்க்கிறபோது உங்களையும் அறியாமல் சிரிப்பீர்கள்.

இதற்கு ஆணைக் காணாத பெண்கள் வேண்டும். குஞ்சுப் பருவத்திலேயே பிரித்து, ஒரு தட்டில் உள்ள சின்னக் கண்ணாடிக் குழிகளில் தனித்தனியாக வளர்ப்போம். அந்தத் தட்டுக்குக் காதர் பாய் கன்னிமாடம் என்று பெயர் வைத்திருந்தார். பரிசோதனைக்கு முந்தின நாள், வளர்ந்த பெண்களை எடுத்து ஒரு வாட்ச் கிளாஸில், அதாவது குழிவான சின்னக் கண்ணாடியில், கொஞ்சம் கடல்தண்ணீரில் ஒன்றாக விட்டு வைப்போம்.

மேடத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. தட்டைத் தயார் செய்கிறவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கூடாது. பார்க்கிறவருக்கு எந்தப் பக்கம் பெண் என்று தெரியக் கூடாது. தட்டுக்கு அடியில் ஒரு தாள் இருக்கும், அதன் கீழ்ப்புறத்தில் எந்தப் பக்கம் பெண், எந்தப் பக்கம் நீர் என்று எழுதியிருக்கும். பார்த்து முடித்த பிறகுதான் தாளைத் திருப்ப வேண்டும். தயார் செய்தவர் அதுவரை ஜன்னல் பக்கம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு முதலில் இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருந்தது. "நம்ம கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் சார். அதை நம்பாதீங்க" என்றார் மேடம்.

அந்த வருஷம் எங்கள் யூனிட்டைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. மூடினால் மேடம் வேறு கல்லூரிக்குப் போவார். காதர் பாயை உள்ளூரிலேயே எங்காவது போட்டுவிடுவார்கள். எனக்கு மாற்றல் எங்கே என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்துவிட்டது. தெற்கே, பக்கத்தில் டவுன் எதுவும் இல்லாத ஒரு பண்ணை.

சாதாரணமாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். ஆனால் என் மகள் செல்விக்கு அதற்கு முந்தின வருஷம் வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. முதல் தடவை பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நின்றபடியே விழுந்தாள். அப்புறம் மாடிப்படியில். அப்புறம் ஒரு முறை, சொல்ல வேண்டாம், கிணற்றுக்குப் பக்கத்தில். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்று பிடித்தது. சில மாதங்களாக வரவில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. மருந்தையும் மாத்தாதீங்க, ஊரையும் மாத்தாதீங்க. எனக்குப் பக்கத்துல வச்சிருங்க."

குழு விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. செல்வி விஷயம் மேடத்துக்குத் தெரியும். அவர் என்னிடம் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, பரிசோதனையை இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஆண்கள் தவறாமல் பெண்கள் பக்கமே போனார்கள். குழுவின் கண் முன்னால் அதையே செய்து காட்டுவது என்று முடிவானது.

குழு சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மகாபலிபுரத்தை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று முன்னதாகவே கிளம்பி, நாங்கள் தட்டைத் தயார் செய்வதற்கு முன்பே வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர். தலைவர் மெதுவாகப் பேசும் பெரிய மனிதர். இரண்டாமவர் பயிர்த் துறைக்காரர், உள்ளே வரும்போதே, "கடற்கரைப் புழுவால கத்தரிக்காய்க்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மூன்றாமவர் கழுத்தில் கேமரா மாட்டியிருந்தார். அவர் எங்கள் யூனிட்டை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நான் அவர்களுக்கு நாற்காலி போட, காதர் பாய் டீக்கு ஓட, மேடம் பூஜை அறைக்குள் போய்ப் பொட்டலங்களை மடித்துத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். வழக்கமாகப் பொட்டலம் வைத்த பிறகு ஒரு மணி நேரம் போல விட்டுத்தான் ஆண்களை விடுவோம். கூழில் வாசனை பரவ அவகாசம் வேண்டும். அன்று அதற்கு நேரம் இல்லை. ஆண்களையும் உடனே விட்டார். தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். தலைவரும் நானும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கொஞ்ச நேரம் ஆண் புழுக்கள் எல்லோரும் சுற்றினார்கள். பிறகு ஒருவன் திரும்பினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். தடங்கள் நேராகத் தொடங்கின. தலைவர் கண்ணை எடுக்காமல், "அட, போறானே! இடது பக்கம் போறான், எல்லாரும் இடது பக்கம் போறாங்க!" என்றார்.

நான் சந்தோஷமாக மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியவர், தலைவரின் குரலைக் கேட்டு எங்கள் பக்கம் பார்த்துவிட்டார், அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு நொடிதான். ஒரு வருஷமாகக் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு பெண்ணின் முகத்தையே கவனித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு நொடி போதும். பெண்கள் வலது பக்கத்தில் இருந்தார்கள்.

இப்போது நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டு வட்டம். பொட்டலங்கள் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். குறிப்பு அடியில் உள்ள தாளில். தட்டை வெளியே எடுக்கிற சாக்கில் அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் இடம் வலமாகத் தெரியும் என்று சொன்னால் போதும், கதை முடிந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் விரல் தட்டின் விளிம்பில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கிணறு ஞாபகம் வந்தது, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"சார், தட்டைத் தொடாதீங்க" என்றார் மேடம். அதட்டவில்லை. ஒரு நாளில் பத்து முறை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "தாளை மட்டும் எடுங்க."

எடுத்தேன். காதர் பாய் வாங்கித் திருப்பினார். இடது: நீர். வலது: பெண்.

பயிர்த் துறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, உங்க பையன்களுக்குப் பொண்ணு பிடிக்கலையா? தண்ணியக் கட்டிக்கிறேன்னு போறாங்க!" கேமராக்காரர்கூடச் சிரித்தார். பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மகாபலிபுரத்துல சாப்பாடு சொல்லியிருக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

தலைவர் மேடத்தைப் பார்த்தார். "ஏம்மா இப்படி?"

இந்த மாதிரிக் கட்டத்தில் நான் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். புழு சோர்ந்துவிட்டது என்பார்கள், இன்றைக்கு வெப்பம் அதிகம் என்பார்கள், கூழ் சரியில்லை என்பார்கள், உதவியாளர் மேல் பழியைப் போடுவார்கள். மேடம் சொன்னது, "எனக்குத் தெரியலை சார்."

 யூனிட்டே போகப் போகிறது, இப்படியா சொல்வது?

"தெரியலை. ஆனா எல்லாரும் ஒரே பக்கம் போயிருக்காங்க. தப்பா இருந்தா சிதறிப் போயிருப்பாங்க. அந்தப் பக்கத்துல ஏதோ இருக்கு. என்னன்னு பார்த்துச் சொல்றேன், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருப்பார்களா போவார்களா என்று பார்க்காமல் பூஜை அறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். காதர் பாய் எனக்குப் பின்னால்.

உள்ளே மேடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "நான் செஞ்சதை மறுபடியும் செய்யறேன். பாய், நீங்க பாருங்க. இங்க நின்னேன். முதல்ல பொண்ணுங்களை எடுத்துப் பொட்டலத்துல வச்சேன். அப்புறம் தண்ணி எடுத்தேன்…"

"எந்தத் தண்ணி மேடம்?" என்றேன். அலமாரியில், மூடிய வாட்ச் கிளாஸில் காலையில் நான் ஊற்றி வைத்த காய்ச்சின கடல்தண்ணீர் வாய் வரைக்கும் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

மேடம் அதைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். மேஜை மேல் இன்னொரு வாட்ச் கிளாஸ். கொஞ்சம் தெளிந்த தண்ணீர், உள்ளே ஒன்றும் இல்லை. பெண்கள் ராத்திரி முழுக்க இருந்த கண்ணாடி அது. அவர்களை எடுத்த பிறகு, அவசரத்தில், கைக்கு எட்டினது அதுதான்.

காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. குளிச்ச தண்ணியா?"

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, மூச்சு முட்ட. நான் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். "சார், பொண்ணுங்களை இப்பத்தான் வச்சோம், அவங்க வாசனை பரவவே நேரமில்லை. ஆனா இந்தத் தண்ணியில ராத்திரி பூரா ஊறியிருக்கு. பையன்க போனது சரியான இடத்துக்குத்தான். இவ்வளவு நாளா நாம பொண்ணை வச்சுக் காட்டினோம். பொண்ணே வேண்டாம் சார்!"

அந்த ஒரு காலையில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குக் கொடுக்கிறேன். நம் தொழிலில் காலியானது வேறு, சுத்தமானது வேறு. புழு இல்லாத கண்ணாடி நம் கண்ணுக்கு வெறும் கண்ணாடி. புழுவுக்கு அது ஒரு வீடு நிறைய ஆட்கள். எதையும் கழுவாமல் சுத்தம் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, தப்பு நடந்த பிறகு உடனே கழுவிவிடவும் செய்யாதீர்கள். மேடம் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கொட்டியிருந்தால் எல்லாம் அன்றோடு போயிருக்கும்.

கூடத்துக்கு வந்து உள்ளதை ஒளிக்காமல் சொன்னார். "என் தப்பு சார். வேற கண்ணாடித் தண்ணியை எடுத்துட்டேன். இன்னொரு தட்டு வைக்கிறேன். இந்தத் தடவை ரெண்டு பொட்டலத்துலயும் பெண் இருக்காது. ஒண்ணுல அவங்க இருந்த தண்ணி, ஒண்ணுல சுத்தமான தண்ணி. குறிப்பை நீங்களே எழுதி நீங்களே மூடி வைங்க."

"தப்பா வந்ததும் கதையை மாத்துறீங்க" என்றார் பயிர்த் துறைக்காரர்.

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்க. நான் மகாபலிபுரம் பார்த்திருக்கேன். இதைப் பார்த்ததில்லை."

ஜீப் போனது. தட்டு வைத்தோம். பாதியில் ஆபீஸ் டெலிபோன் மணி அடித்தது. அந்த நாட்களில் போன் மணி அடித்தால் எனக்குப் பள்ளிக்கூடம்தான், செல்வி விழுந்துவிட்டாள் என்பதுதான். இப்போதும் பக்கத்து வீட்டில் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவேன். காதர் பாய் எடுத்தார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை.

"யாரு பாய்? ஸ்கூலா?"

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "மகாபலிபுரம் ஓட்டல்லேந்து. பெரியவருக்கு வறுத்த மீனு எடுத்து வெக்கணுமா, வேணாமான்னு கேக்கறாங்க."

"வேண்டாம்னு சொல்லுப்பா" என்றார் தலைவர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க என்ன இருக்கு?"

என் டப்பாவில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். திடீரென்று ஊறுகாய்க் கையை மேலே தூக்கினார். "யோவ், வந்துட்டான்! வாலைச் சுருட்டிக்கிட்டுப் பொட்டலத்தைத் தடவுறான். உள்ள பொண்ணே இல்லையேடா! யாரைடா கட்டிப்பிடிக்கிறே?"

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் காதர் பாய் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டார். குறிப்பைத் திருப்பினோம். சரியாக இருந்தது. ஒரு தடவை என்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று தலைவர் இன்னொரு தட்டு கேட்டார். அதுவும் சரி. மற்றவர்கள் மணல் ஒட்டிய செருப்போடு திரும்பி வந்தபோது அவர் மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிர்த் துறைக்காரரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார் தலைவர். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. வெகு நேரம் கழித்து, தனக்குள் பேசுவது போலக் கேட்டார்: "இந்தத் தண்ணிய வயல் பூரா தெளிச்சா, ஆம்பளப் புழுவெல்லாம் பொண்ணு எங்கன்னு தெரியாம சுத்திக்கிட்டே இருக்குமோ? முட்டை வைக்காதோ?"

"தெரியாது சார்" என்றார் மேடம். "அதுக்குத்தான் யூனிட் வேணும்."

பயிர்த் துறைக்காரர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். எங்களை மூடத்தான் சொல்லப்போகிறார் என்று காதர் பாய் ஜீப் கிளம்பும் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு தெரியவந்தது, தொடர்ந்து நடத்தலாம் என்று குழுவில் அழுத்திச் சொன்னவரே அவர்தானாம்.

தெளிக்கிற வழி இன்னும் கிடைக்கவில்லை. வேர்ப் புழு கோவளத்துப் புழு மாதிரி நல்ல பிள்ளை இல்லை, அது உங்கள் பாடு. ஆனால் அந்தக் காலையைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் தட்டை அரை வட்டம் திருப்பியிருந்தால், குழு திருப்தியாக மீன் சாப்பிடப் போயிருக்கும், யூனிட்டும் ஒருவேளை பிழைத்திருக்கும். அந்தக் கண்ணாடித் தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போயிருக்கும். பெண் இல்லாமலே வாசனையைத் தண்ணீரில் பிடிக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். இன்று நீங்கள் செய்கிற வேலையில் பாதி அந்தத் தண்ணீரிலிருந்து வந்தது. ஆகையால் தட்டு உங்களுக்கு எதிராகப் பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை.

யூனிட் தொடரும் என்ற உத்தரவு வந்த அன்று நான் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னேன். இவ்வளவு நாள் மறைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். செல்வி பள்ளியிலிருந்து வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "நாம இங்கேயேதான் இருக்கப் போறோம்" என்று பொதுவாகச் சொன்னேன்.

அவள் புத்தகப் பையை இறக்காமல் நின்றாள். "நிஜமாவா? எங்கேயும் போகலையா?"

"போகலை."

"அய்யய்யோ" என்றாள். உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தாள். ஒரு பேனா, ஒரு கைக்கண்ணாடி, சோப்பு டப்பா, மயில் படம் போட்ட சீப்பு, சுருட்டிய சிவப்பு ரிப்பன். "கிளாஸ்ல எல்லாரும் எனக்குப் பிரிவுப் பரிசு கொடுத்துட்டாங்கப்பா. நானும் அழுதுட்டேன். இப்போ எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கணுமா?"

அவளுக்கு எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. என் எதிரில் அவள் ஒரு நாள்கூட அழுததில்லை. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடுக்கத்தான் வேண்டும், கௌரவமாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் செல்வி பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பேனா கொடுத்தவள் வாங்கவில்லை, சீப்புக் கொடுத்தவளும் வாங்கவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்களாம். ரிப்பன் கொடுத்தவள் மட்டும், நல்லதாப் போச்சு, அது எங்கக்காவோடது என்று உடனே வாங்கிப் பின்னலில் கட்டிக்கொண்டாளாம். இன்றுவரை செல்விக்கு நெருங்கிய தோழி அவள்தான்.